கணக்குக் கேட்கும் விசுவாசம்



மாத்தளையில் நடக்கும் இந்த அறக்கட்டளை உரைக்குத் தலைப்பைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அறக்கட்டளைக் குடும்பத்தார் என்னிடமே விட்டார்கள். மனதுக்கு இதமான ஒன்றைப் பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சில ஆண்டுகளாக நம் வாலிபர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: "எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களே இப்படி என்றால், சொல்லித் தந்தது மட்டும் எப்படி உண்மையாகும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. 1946 இல் சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேசிய ரவி சக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அறிவுபூர்வமான ஆதாரம் உண்டு என்று அவர் பேசிய பேச்சுக்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனம் 2021 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, அவர் பல ஆண்டுகளாகப் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்துவந்தார் என்று உறுதிப்படுத்தியது. முன்னரே முறையிட்ட பெண்ணை நம்பாமல் சக்கரியாசுக்குப் பின்னால் நின்றதற்காக அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2024 நவம்பரில் கண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகினார். ஜோன் ஸ்மைத் என்பவர் சிறுவர்களுக்கும் வாலிபர்களுக்கும் செய்த கொடுமையைப் பற்றி அறிந்த பின்னும் வெல்பி வேண்டிய அளவுக்கு எதையும் செய்யவில்லை என்பது விசாரணையின் முடிவு. கண்டர்பரி எங்கோ தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். இலங்கைத் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் ஆகிய இரண்டு மறைமாவட்டங்களுக்கும் கண்டர்பரிப் பேராயராக இருப்பவரே தலைமைப் பேராயர். மாத்தளை அங்கிலிக்கன் மக்கள் குருநாகல் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

திருமறைக்குள்ளேயே இதைவிட மோசமான ஒரு குருக் குடும்பம் இருக்கிறது. சீலோவில் ஏலி குருவாக இருந்தார். அவருடைய மக்கள் ஓப்னியும் பினெகாசும் செய்ததைச் சாமுவேலின் முதலாம் புத்தகம் மறைக்காமல் எழுதுகிறது. பலியிட வந்தவன் இறைச்சியை அவித்துக்கொண்டிருப்பான். குருவின் வேலைக்காரன் மூன்று கூருள்ள ஒரு முள்ளோடு வந்து சட்டிக்குள் குத்துவான். முள்ளில் மாட்டியதெல்லாம் குருவுக்கு. கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சையாகத் தா என்பான், தராவிட்டால் பறிப்பான். கூடாரவாசலில் ஊழியம் செய்த பெண்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பிள்ளையில்லாத அன்னாள் வருஷந்தோறும் போனாள். உதடு மட்டும் அசைய அவள் மன்றாடியதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஏலி ஏசினார். அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போகவில்லை. நான் குடிக்கவில்லை, மனம் நொந்து நிற்கிறேன் என்று குருவுக்கே திருத்தம் சொன்னாள். பெற்ற பிள்ளையையும் அதே ஏலியிடம்தான் கொண்டுபோய் விட்டாள். அந்தப் பிள்ளை சாமுவேல் இரவில் கேட்ட முதல் செய்தி, ஏலியின் வீட்டுக்கு வந்த தண்டனைத் தீர்ப்பு. விடிந்ததும் சிறுவன் பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்தத் தாய்க்குள்ளும் மகனுக்குள்ளும் இருக்கிறது. ஆண்டவரை விடாமல் பிடித்திருப்பதும், குருவிடம் கணக்குக் கேட்பதும் ஒரே வீட்டில் வளர்ந்த பழக்கங்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும்போதுதான் விசுவாசம் நோய்ப்படுகிறது.

மாத்தளை மாவட்டத்திலேயே இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. கலேவெலப் பக்கத்து வஹாகோட்டையைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். யூன் மாதம் புனித அந்தோனியார் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் வண்டி பிடித்துப் போகிற ஊர். கண்டி அரசர் குடியமர்த்திய போர்த்துக்கேயரின் சந்ததியினர் அந்த ஊர் மக்கள். ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்த 1658 இலேயே, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். குருக்கள் நாட்டைவிட்டே போனார்கள். இலங்கைக் கத்தோலிக்கர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் இருந்தார்கள். 1687 இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். எந்த வீட்டில் கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட முடியாத காலம். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை வைத்தே தம் சபையைக் கண்டுபிடித்தார்.

அவரைப் பெரியவராக்குவது இதற்குப் பிறகு அவர் செய்த ஏற்பாடு என்பது என் எண்ணம். தாம் மறுபடி எப்போது வருவோம் என்பது அவருக்கே தெரியாது. அதனால் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறு செபத்தை நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்வது, சாவுத் தறுவாயில் இருப்பவரின் பக்கத்தில் இருந்து செபிப்பது எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. ஒரு குரு தாம் இல்லாத நாளுக்காகவே சபையை ஒழுங்குசெய்தார். 1692 இல் கண்டிக்கு வந்தவரை உளவாளி என்று பிடித்துச் சிறை வைத்தார்கள். 1697 இல் அம்மை பரவியபோது ஓடிப்போனவர்கள் கைவிட்ட நோயாளிகளை அவரே பராமரித்தார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் இறந்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலி முகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் அங்கே நின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்டி அரசன் குருக்களை மறுபடியும் துரத்தினான். வஹாகோட்டை போன்ற ஊர்கள் அதன் பிறகு பல தலைமுறைகள் தாங்களே தங்கள் சுடரைக் காத்தன. அந்த வீடுகளில் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்தது தாய்தான், பாட்டிதான்.

அடுத்த கதை நம் தோட்டங்களின் கதை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1854 இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. கோப்பித் துரைமார் சிலர் பணம் போட்டார்கள். சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கம் மேற்பார்வையை ஏற்றது. திருநெல்வேலிச் சபையிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். உபதேசியார் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பார். பெயர் கூப்பிட்டு முடிவதற்கும் ஆட்கள் மலையேறுவதற்கும் இடையில் கிடைக்கிற சில நிமிஷம்தான் அவருக்கு. ஒரு சிறு வாசிப்பு, ஒரு செபம். பிறகு அடுத்த தோட்டத்துக்கு நடை. மாலையில் லயத்துக்கு வந்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். சம்பளம் கொடுத்த கை துரையுடையது. கடன் துண்டைப் பற்றியோ, கங்காணி பிடித்த கழிவைப் பற்றியோ அந்தப் பிரட்டுக்களத்தில் அவர் எதைப் பேசியிருக்க முடியும்? எங்கள் முன்னோருக்கு வேதம் வந்த வழியிலேயே இந்த முடிச்சு இருந்தது என்பதை நாம் ஒளிக்கக் கூடாது.

1876 இல் கொழும்புக்குப் புது ஆயர் வந்தார். ரெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன், வயது முப்பது. தோட்டப் பகுதிகளில் அரசாங்கக் குருமார் இருக்க, கூலி மிஷன் உபதேசியார்கள் அவர்களுக்குக் கீழே வராமல் தனியே இயங்குவது அவருக்குச் சரியாகப் படவில்லை. மிஷனரிமார் இணங்கவில்லை. ஆயர் சி.எம்.எஸ். குருமாரின் உரிமப் பத்திரங்களை மீளப் பெற்றுக்கொண்டார். யார் யாருக்குக் கீழ், எந்தப் பத்திரம் எவர் கையால் வர வேண்டும், எந்த ஆலயத்தில் எந்த முறையில் திருவிருந்து என்று கடிதம் கடிதமாகப் போனது. உரிமங்கள் திரும்பக் கிடைத்த பின்னும் சண்டை ஓயவில்லை. கண்டர்பரிப் பேராயர் டெயிற் உட்பட ஐந்து பேர் 1880 இல் கருத்துரைத்த பிறகே ஒரு நிலைக்கு வந்தது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876, 77, 78. அது தாது வருஷப் பஞ்சம். தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களிலிருந்து எலும்பும் தோலுமாகக் கப்பலேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் எங்கள் மூதாதையர். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் புதைக்க ஆளில்லை. மாத்தளைக்கு இரயில் வந்தது 1880 இல்தான். 1869 இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. தோட்டங்கள் முறிந்து, செய்த வேலைக்குச் சம்பளமும் கிடைக்காமல் போன காலம். திருச்சபைப் பெரியவர்கள் அப்போது பத்திரத்துக்காக வாதாடினார்கள். கொப்பிள்ஸ்டனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கற்றவர், பின்னாளில் கல்கத்தாவின் ஆயரானவர், பௌத்தம் பற்றி ஆராய்ந்து எழுதியவர். எதிர்த்தரப்பிலும் உத்தமர்கள் இருந்தார்கள். வில்லியம் ஓக்லி என்ற மிஷனரி 1835 இல் இலங்கைக்கு வந்து, ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பாமல், 1886 இல் இங்கேயே இறந்தார். நல்லவர்களே கூடி ஒரு மக்களின் பசியைக் காணாமல் இருக்க முடியும் என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்தக் காலம் முழுவதும் உபதேசியார் நடந்துகொண்டிருந்தார். அவருடைய பெயர் அந்தக் கடிதக் கட்டுகளில் இல்லை. விசுவாசம் அவர் காலில்தான் நடந்தது.

குருமாரின் குறையைப் பேசும்போது சிலர் புனித அகுஸ்தீனாரை அழைத்து வருவார்கள். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியான் துன்புறுத்தியபோது, வட ஆபிரிக்காவில் சில ஆயர்கள் திருமறை நூல்களை அதிகாரிகளிடம் கொடுத்துத் தப்பினார்கள். அப்படித் துரோகம் செய்த கை கொடுத்த திருநிலைப்பாடு செல்லாது என்று தொனாத்து கட்சியினர் பிரிந்தார்கள். திருவருட்சாதனம் கிறிஸ்துவுக்கு உரியது, கொடுப்பவரின் அழுக்கு அதைக் கெடுக்காது என்று அகுஸ்தீனார் பதில் சொன்னார். நானும் அதை நம்புகிறேன். கள்ளக் குரு கொடுத்த ஞானஸ்நானமும் ஞானஸ்நானமே. ஆனால் அந்தப் பதில் ஏமாந்த விசுவாசியின் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது. ஏமாற்றியவரைப் பதவியில் வைத்திருக்க அதை எடுத்து நீட்டுகிறவர்கள் அகுஸ்தீனாரைத் திருடுகிறார்கள்.

ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கொழுந்தெடுக்கிறவர். சபைக் கட்டடத்துக்கென்று மாதாமாதம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். ஆண்டுகள் ஓடின, சுவர் இடுப்பளவுக்கு மேல் எழும்பவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து, "ஐயா, கணக்கை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார். சத்தம் போடவில்லை, குற்றம் சாட்டவில்லை. அபிஷேகம் பெற்றவருக்கு எதிராக வாய் திறந்தால் சாபம் வரும் என்று பதில் வந்தது. அந்த வருஷம் அவருடைய மகனுக்குக் கால் முறிந்தபோது, இதனால்தான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். போதகர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். அக்கா இன்றும் சனிக்கிழமை பின்னேரம் அந்த அரைச் சுவருக்குள் கூட்டிப் பெருக்கிப் பாய் விரிக்கிறார்.

அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வாக்கு எங்கே வருகிறது என்று நூற்றைந்தாம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றிய பேச்சு அது. எண்ணிக்கையில் சிறியவர்கள், சொந்த நிலமில்லாதவர்கள், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலைந்த பரதேசிகள். அவர்களைத் தொடாதீர்கள் என்று ஆண்டவர் எச்சரித்தது அரசர்களை. காணியில்லாமல், 1948 இல் பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்டு, லயத்தில் கிடந்த மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு வேறில்லை. அதை அந்த மக்களின் வாயை அடைக்கவே பயன்படுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! தாவீதைக் காட்டுவார்கள், சவுலைக் கொல்லாமல் விட்டானே என்று. கொல்லாமல்தான் விட்டான். ஆனால் குகைக்கு வெளியே வந்து, வெட்டியெடுத்த அங்கித் தொங்கலைத் தூக்கிப் பிடித்து, படையே கேட்கும்படி ராஜாவிடம் நியாயம் கேட்டான். தொடாமலிருப்பதற்கும் பேசாமலிருப்பதற்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது.

தலைவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று எண்ணி நீங்கள் வீட்டுக்குப் போக நான் விரும்பவில்லை. தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 யூலையை மாத்தளை மறக்காது. கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயில் தேரையும் தீ விடவில்லை. மாத்தளையை உள்ளடக்கிய குருநாகல் மறைமாவட்டத்தின் ஆயர் அப்போது லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1962 இலிருந்து அந்தப் பதவியில் இருந்தவர், சிவில் உரிமைகள் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். கலவரம் நடந்தபோது இதய நோயோடு இங்கிலாந்தில் இருந்தார். திரும்பி வந்தார். பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். தம் மறைமாவட்டப் பேரவையில், நிராயுதபாணிகளான தமிழர்மேல் நடந்த தாக்குதலுக்கு எந்த ஒழுக்க நியாயமும் கிடையாது, சிங்களவராகிய நாம் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். அவருடைய சகோதரரின் மகன் அன்றைய அமைச்சரவையில் இருந்தார். தம் இனத்தையும் தம் உறவையும் தாண்டி வந்த சொல் அது. அதே ஆண்டு ஒக்டோபர் 23 இல், ஐம்பத்தாறு வயதில், இறந்துபோனார்.

அவர் பேசியதால் எரிந்த ஒரு கடையும் திரும்பி எழவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அகதி முகாமிலிருந்து வந்து மறுபடி அதே வாங்கில் சிங்கள விசுவாசியின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்த தமிழ்க் குடும்பத்துக்கு, நடந்தது பாவம் என்று தம் ஆயர் பெயர் சொல்லிச் சொன்னது எவ்வளவு பெரிய பலம்! தலைவரிடம் விசுவாசி எதிர்பார்ப்பது குற்றமற்ற பரிசுத்தத்தை அல்ல. தவறைத் தவறென்று, நம்முடையதை நம்முடையதென்று சொல்லும் வாயைத்தான். அந்த வாய் இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் எழுந்து வெளியே போகிறார்கள்.

தலைமை தம்மையே வெளியே தள்ளியபோதும் போகாமல் நின்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். அமலமரித் தியாகிகள் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய 1990 இல் மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலுள்ள கருத்துக்களுக்காக 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. எழுபது வயதைக் கடந்தவர். வேறு சபைக்குப் போகவில்லை, திருச்சபையைத் தூற்றிக்கொண்டு திரியவும் இல்லை. தம் நியாயத்தைக் கேளுங்கள் என்று முறைப்படி மன்றாடினார். ஓராண்டுக்குப் பின் 1998 ஜனவரியில் தடை நீக்கப்பட்டது. 2013 இல் அமலமரித் தியாகியாகவே இறந்தார். அவருடைய இறையியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் விலக்கப்பட்ட அந்த ஓராண்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை நம் குருமடங்களில் பாடமாக வைக்கலாம்.

எல்லோரும் அவரைப் போல நிற்க வேண்டும் என்று நான் கட்டளையிட மாட்டேன். காயம் யாருடையது என்பதைப் பொறுத்தது அது. பணத்தை இழந்தவர் நின்று கணக்குக் கேட்கலாம். உடலில், சிறுவயதில், ஒரு குருவின் கையாலோ போதகரின் கையாலோ காயப்பட்டவரிடம் போய், சபையை விட்டுப் போகாதே, மன்னித்துவிடு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அவர்களுக்காக முதலில் செய்ய வேண்டியது பொலிசுக்குப் போவதும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைப்பதும். சபைக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்ற யோசனை பிறகு வரட்டும்; வராமலே போனாலும் நல்லது. அவர்களில் சிலர் இனி எந்த ஆலயப் படியும் மிதிக்க மாட்டார்கள். வஹாகோட்டையின் தாய்மார் குருவில்லாமல் செபித்ததை ஏற்றுக்கொண்டவர், இவர்கள் அறைக்குள் அழுதபடி சொல்கிற செபத்தையும் ஏற்றுக்கொள்வார் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

மூப்பர்களுக்கும் பங்குச் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை உரத்து வாசியுங்கள், தமிழில் வாசியுங்கள், கொழுந்தெடுக்கிற அக்காவுக்கு விளங்கும் வேகத்தில் வாசியுங்கள். கேள்வி கேட்க எழுகிறவரை உட்காரச் சொல்லாதீர்கள். உபதேசியாருக்கு மாதச் சம்பளம் தாமதமாகிறதா என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். வாலிபர்களில் இருவரைக் கணக்குப் பரிசோதனைக்கு நியமியுங்கள், முக்கியமாகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற இருவரை.

 உங்கள் கேள்விகளுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். குருமாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தால் அவர்களும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.